நட்டநடுவில் ஒரு சிமெண்ட் பிட்ச்: மாவட்ட விளையாட்டு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி மாணவிகளின் ரக்பிப் பயிற்சிக்கு நல்ல தரை கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்குத் தாங்கள் பதில் அனுப்பியதற்கு முதலில் நன்றி. மைதானத்தின் கதையும் மனுவின் கதையும் தங்களுக்குத் தெரிந்தவைதான். அவற்றை மறுபடி எழுதித் தங்கள் நேரத்தை வாங்கப் போவதில்லை. பதிலில் ஒரு விவரம் கேட்டிருந்தீர்கள். இந்திய மகளிர் ரக்பி அணி சர்வதேசப் போட்டிகளில் இதுவரை என்ன சாதித்திருக்கிறது என்று பட்டியல் இணைத்தால், அதைப் பார்த்துக் கோரிக்கையைப் பரிசீலிக்கலாம் என்று. நாங்கள் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே, பெண்கள் டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்துவது) பழகும் இடத்தில், மைதானத்துக்கு நட்டநடுவில், கிரிக்கெட்டுக்கென்று சிமெண்ட் பிட்ச் போட்டு முடித்துவிட்டார்கள். பரிசீலனை தொடங்குமுன் கான்கிரீட் காய்ந்துவிட்டது.

இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். பட்டியல் இதோ.

பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் நம் பெண்கள் சர்வதேசக் களத்தில் முதன்முதலில் இறங்கியது 2018-இல், சிங்கப்பூரில். அடுத்த ஆண்டு ஜூனில் மணிலாவில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப்பின் முதல் டிவிஷனில் பிலிப்பைன்ஸிடம் 27-32 என்று நெருக்கத்தில் தோற்றார்கள். பிறகு சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. கடைசிக் கட்டத்தில் பெனால்டியை உதைத்து உள்ளே அனுப்பியவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். பெனால்டிக்கு 3 புள்ளி. வென்றது 2 புள்ளியில். கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஏழு பேர் ஆடும் செவன்ஸில், 2022-இல் ஜகார்த்தாவில் ஆசிய செவன்ஸ் டிராஃபியில் வெள்ளி. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹாங்காங்கிடம் 0-38, ஜப்பானிடம் 0-45. இதை மறைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. டிராஃபி என்பது ஆசியாவின் இரண்டாம் அடுக்கு. ஜப்பானும் சீனாவும் ஆடுவது மேல் அடுக்கு. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அந்த இரண்டு ஸ்கோர்களே சொல்கின்றன. 2024-இல் காட்மாண்டுவில் மீண்டும் டிராஃபி இறுதியாட்டம், பிலிப்பைன்ஸிடம் 5-7, மீண்டும் வெள்ளி. 2025 ஆகஸ்டில் பீகாரின் ராஜ்கிரில் 20 வயதுக்குட்பட்டோர் ஆசிய செவன்ஸில் உஸ்பெகிஸ்தானை 12-5 என்று வென்று வெண்கலம்.

இதில் 5-7 என்ற ஸ்கோரின் மேல் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ரக்பியில் 5 புள்ளி ஒரே வழியில்தான் வரும். ஒரு ட்ரை, அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது. 7 என்றால் ஒரு ட்ரையும் அதன் பின் ஒரு கன்வெர்ஷனும், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்தை உதைத்து எடுக்கும் கூடுதல் 2 புள்ளியும். இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு ட்ரை போட்டன. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது ஒரு கன்வெர்ஷன் உதை. ராஜ்கிரில் நம் பெண்கள் எடுத்த 12 புள்ளியிலும் ட்ரை இரண்டு, கன்வெர்ஷன் ஒன்றுதான். தாங்கள் கேட்ட பட்டியல் சொல்லும் சேதி இதுதான்: நம் பெண்களுக்கு ஓடத் தெரியும், மோதத் தெரியும், கோட்டைத் தாண்டத் தெரியும். மிச்சமிருப்பது இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளியைப் பழகுவதற்குத்தான் தரை கேட்கிறோம்.

ஏன் தரை என்று விளக்க வேண்டும், ஏனென்றால் ‘ஓடுகிற விளையாட்டுதானே, எந்தப் பொட்டலில் ஓடினால் என்ன’ என்ற பேச்சு தங்கள் அலுவலக வட்டாரத்தில் இருப்பது எங்கள் காதுக்கும் வருகிறது.

பதினைந்து பேர் ஆட்டத்தில் கன்வெர்ஷனுக்குப் பந்தை டீ என்கிற சிறு தாங்கியில் நிறுத்தி வைத்து உதைக்கலாம். செவன்ஸில் அது கிடையாது. டிராப் கிக்தான், அதுவும் ட்ரை போட்ட 30 விநாடிக்குள். பந்தை இரு கையாலும் செங்குத்தாகப் பிடித்து, கூர்முனை கீழே இருக்கும்படி விட வேண்டும். முனை தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்தில் பாதம் பந்தைச் சந்திக்க வேண்டும். தரை சீராக இருந்தால் பந்து நேராக எழும். நம் செம்மண் பொட்டலில் சரளைக்கல்லின் மேல் விழுந்தால் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. சிமெண்டில் விழுந்தால் புல்லில் எழுவதைவிட வேகமாகவும் உயரமாகவும் எழும். அதில் பழகிய பெண், புல்தரைப் போட்டியில் பந்து எழுமுன்பே காலை வீசிவிடுவாள். பந்து தாழ்ந்து போய்க் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போகும். குறுக்குக் கம்பம் 3 மீட்டர் உயரம், இரண்டு தூண்களுக்கு இடைவெளி 5.6 மீட்டர்.

இன்னொன்று. செவன்ஸில் புள்ளி எடுத்த அணிதான் அடுத்த கிக்-ஆஃப் போட வேண்டும். அதுவும் டிராப் கிக். நடுக்கோட்டின் மையத்திலிருந்து. அந்த மையப் புள்ளி இப்போது தங்கள் சிமெண்டின் மேல் இருக்கிறது. ஸ்டட் வைத்த பூட்ஸ் சிமெண்டில் வழுக்கும். ஊன்றுகால் நழுவினால் இடுப்பும் முழங்காலும் திருகும். பூட்ஸைக் கழற்றிவிட்டு உதைக்கச் சொல்லலாம் என்றால், ஆட்டத்தின் நடுவே அது முடியுமா என்று தாங்களே சொல்லுங்கள்.

கோல் கோட்டுக்குப் பின்னாலும் இதே கதை. கன்வெர்ஷனை எங்கிருந்து உதைப்பது என்பது ட்ரை எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது. மூலையில் பந்தை வைத்தால், அந்த மூலைக்கு நேரே பின்வாங்கி வந்து, சாய்ந்த கோணத்தில் உதைக்க வேண்டும். தூண்களுக்கு நடுவே வைத்தால் நேர் எதிரே நின்று உதைக்கலாம். அதனால் நன்றாகப் பழகிய ஆட்டக்காரி கோட்டைத் தாண்டியதும் பந்தை வைத்துவிடமாட்டாள். துரத்துகிறவள் எட்டாத தூரத்தில் இருந்தால் வளைந்து ஓடித் தூண்களுக்கு அருகே வந்து வைப்பாள். அப்படி ஓடத்தான் கோட்டுக்குப் பின்னால் குறைந்தது 6 மீட்டர், கூடினால் 22 மீட்டர் இடம் விடச் சொல்கிறது விதி. நம் மைதானத்தில் அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் காம்பவுண்டுச் சுவர், இந்தப் பக்கம் கருவேல முள். கோட்டைத் தொட்டதும் பந்தோடு விழுந்துவிடுவதுதான் பிழைக்கும் வழி என்று பிள்ளைகளின் உடம்பு கற்றுக்கொள்கிறது. உடம்பு கற்றதை மாநில முகாமில் இரண்டு வாரத்தில் மாற்ற முடிவதில்லை.

உதையை விடுங்கள். டேக்கிளுக்கு வருவோம். எங்கள் கோபம் அங்கேதான் இருக்கிறது.

டேக்கிளைப் படிப்படியாகத்தான் சொல்லித்தர முடியும். முதலில் இருவரும் மண்டியிட்ட நிலையில். பிறகு ஒருவர் நடக்க, மற்றவர் மண்டியிட்டு. பிறகு இருவரும் நடந்து, மெதுவாக ஓடி, கடைசியில் முழு வேகத்தில். ஒவ்வொரு படியிலும் பார்ப்பது ஒன்றே: முழங்கால் மடங்கி இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா, கன்னம் எதிராளியின் தொடைக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறதா, இரண்டு கையும் வளையமாகப் பூட்டியிருக்கிறதா. தலை எதிராளிக்கு முன்னால் போனால் அவள் முழங்கால் மூளையில் இறங்கும். தோள் மோதி, கை பூட்டி, கால் தள்ளி, இருவரும் ஒன்றாய்ச் சாய்ந்து விழ வேண்டும். விழுவது தவறி நடப்பது இல்லை. விழுவதுதான் பாடம்.

கீழே சிமெண்ட் இருக்கிறது என்று தெரிந்த பெண் குனியமாட்டாள். எவ்வளவு கத்தினாலும் குனியமாட்டாள். அவள் உடம்புக்கு நம்மைவிட அறிவு அதிகம். நின்றபடியே ஜெர்சியைப் பிடித்து இழுப்பாள், கழுத்தில் கைபோடுவாள். போட்டியில் அது ஹை டேக்கிள். பெனால்டி, மோசமாக இருந்தால் மஞ்சள் அட்டை. செவன்ஸில் மஞ்சள் அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே. ஆட்டமே ஏழும் ஏழும் பதினாலு நிமிடம். ஏழில் ஒரு பங்கு நேரம் ஆறு பேரோடு ஆட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு ட்ரை வாங்காமல் தப்புவது பெரிய அணிகளுக்கே கஷ்டம். ஆக, இங்கே போட்ட சிமெண்ட் அங்கே ஸ்கோர் போர்டில் தெரியும்.

குனிந்து ஆடுகிற பெண்ணுக்கு வேறு விதமான ஆபத்து. பிட்ச்சின் ஓரத்து மண் ஒரு மழைக்கே கரைந்து, சிமெண்ட் விளிம்பு இரண்டு விரற்கடை மேலே எழுந்து நிற்கிறது. ஓடிவரும்போது கணுக்கால் அதில்தான் பிசகும். கயிற்றுப் பாய் விரித்து மூடிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. பாய் இழுபடும், சுருளும், அதன் அடியில் கடினம் அப்படியேதான் இருக்கும். ஹெல்மெட் போட்டு ஆடட்டுமே என்று இன்னொரு யோசனை. கெட்டி ஹெல்மெட்டுக்கு ரக்பியில் அனுமதி இல்லை. மெத்தென்ற ஸ்க்ரம் கேப் காதும் தோலும் கிழியாமல் காக்கும். மூளை அதிர்வைத் தடுக்காது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரியை வெளியே எடுக்க வேண்டும், அன்று திரும்ப இறக்கக்கூடாது என்கிறது உலக ரக்பி அமைப்பு. பள்ளி, கிளப் நிலையில் பொதுவாக 21ஆம் நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பவும் கூடாது. சிமெண்டில் ஒருமுறை பின்மண்டை பட்டால் போட்டிக் காலமே முடிந்துபோகும். பள்ளிப் பரீட்சையும் சேர்ந்து போகலாம்.

கெட்டித் தரைதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டதென்றால் ஆத்தங்குடிக் கல்லாவது பதித்திருக்கலாம். விழுந்து கிடக்கும்போது பார்க்க அழகாக இருந்திருக்கும். சுற்றுலாத் துறையும் வந்து படம் எடுத்திருக்கும்.

சல்லிக்கட்டு நடக்கும் ஊர்களில் வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார்க்கழிவு கொட்டி மெத்தை போடுகிறார்கள். மாடும் அடிபடக்கூடாது, மாடுபிடிக்கிறவனும் அடிபடக்கூடாது என்று. அதிகாரிகள் நேரில் வந்து கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. காளைக்குச் செய்ததை எங்கள் பெண்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்பதற்கு எங்களுக்கு வெட்கமாக இல்லை.

காளை என்றதும் நினைவுக்கு வருகிறது. 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன் நடந்தது. இறுதியாட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கியது சென்னை புல்ஸ். நம் மாநிலத் தலைநகரின் பெயரில் ஓர் அணி ரக்பிக் கோப்பை வாங்கியதில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். மொத்தம் ஆறு அணி. ஆறும் ஆண்கள் அணி. பெண்கள் ரக்பியை யார் பார்க்கப்போகிறார்கள் என்பார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27-இல் லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் கனடாவும் ஆடிய மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க மைதானத்துக்கு வந்தவர்கள் 81,885 பேர். நம் நாட்டு மகளிர் அணிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒடிசா, பீகார், மகாராஷ்டிரம் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்த ஊர்ப் பெண்களுக்கு எலும்பு வேறு மாதிரி படைக்கப்படவில்லை. புவனேஸ்வரில் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் பழங்குடி மாணவிகளுக்குப் புல்தரை இருந்தது, பந்து இருந்தது, சொல்லித்தர ஆள் இருந்தது. சுமித்ரா நாயக் அங்கே படித்தவர்தான். சாதனையைக் காட்டினால் மைதானம் தருகிறோம் என்று அங்கே யாரும் முதலில் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கேயோ உடற்கல்விக்கென்றே அழகப்பர் பெயரில் கல்லூரி இருக்கிற ஊரில், மாணவிகள் சிமெண்டைச் சுற்றி ஓடுகிறார்கள். மைதானத்தில் பொருட்காட்சிக்கு இடம் உண்டு, கல்யாண வண்டிகள் நிறுத்த இடம் உண்டு, சினிமாப் படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் நிறுத்த இடம் உண்டு. அவை போன பிறகு ஆணியையும் கம்பியையும் பொறுக்குவதற்கு மட்டும் ரக்பிப் பெண்கள் உண்டு.

மன்னிக்கவும். மடல் தடம் மாறிவிட்டது. கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறோம்: நடுவில் இருக்கும் சிமெண்ட் பிட்ச்சை எடுத்துவிட்டு, மைதானத்தில் அருகம்புல் போட்டுத் தாருங்கள்.

கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளோடு எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. அவர்களுக்கும் பிட்ச் வேண்டும். இருபது மீட்டர் சொச்ச நீளமும் மூன்று மீட்டர் அகலமும்தான் அதற்கு வேண்டியது. வடக்குச் சுவரை ஒட்டிப் போட்டு, மூன்று பக்கமும் வலை கட்டினால் பந்து ரோட்டுக்கும் போகாது, பந்து பொறுக்க ஆளும் வேண்டாம். நடுவில் இருப்பதைவிட அவர்களுக்கும் அதுதான் வசதி. உடைத்தெடுத்த கான்கிரீட்டை மைதானத்திலேயே புதைத்து மூடிவிடக் கூடாது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு மழைக்குப் பிறகு சில்லு மேலே வந்துவிடும்.

புல்லுக்கு என்ன செலவாகும் என்ற கேள்வி வரும். ஆடுகளம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். இரு முனையிலும் 6 மீட்டர், சுற்றிலும் 5 மீட்டர் சேர்த்தால் 122-க்கு 80. ஏறத்தாழ 9,760 சதுர மீட்டர், இரண்டரை ஏக்கருக்கு உள்ளேதான். இப்போதுள்ள கோட்டைச் சற்று உள்ளே தள்ளிப் போட்டு முள்ளை வெட்டினால் இதற்கு இடம் இருக்கிறது. மேல் மண்ணைக் கொத்தி, சரளைக்கல்லைச் சலித்து அகற்றி, அதன் மேல் மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும். சுமார் 980 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் 115 நடை. நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் லேசான சரிவு வைக்காவிட்டால் ஐப்பசி மழையில் நடுவே குளம் கட்டும். அருகம்புல்லைக் கணுக்கணுவாக வெட்டி, அரை அடி இடைவெளியில் ஊன்றினால் போதும். விதையோ வெளிநாட்டுப் புல்லோ தேவையில்லை. வெயிலுக்கும் மிதிக்கும் இதைவிடத் தாங்கும் புல் இங்கே கிடையாது. ஆவணியில் ஊன்றினால் மழைக்காலத் தண்ணீரிலேயே வேர் பிடித்துவிடும். மூன்று மாதம் யாரும் மிதிக்கக்கூடாது. நாங்களும் சேர்த்துத்தான். அந்த மூன்று மாதத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் வேறு இடம் ஒதுக்கும் சிரமம் தங்களுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

தண்ணீர்தான் கஷ்டமான பகுதி. அதை மறைக்க மாட்டோம். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் விட வேண்டும் என்றால் 49,000 லிட்டர் ஆகும், 12,000 லிட்டர் லாரியில் நாலு நடை. லாரித் தண்ணீரை நம்பிப் புல் போட்டால் அடுத்த வைகாசியில் காய்ந்துவிடும். போர்வெல் ஒன்று, தொட்டி ஒன்று, காலையில் வெயிலுக்கு முன் ஓடும் தெளிப்பான் வரிசை. இவை மூன்றும் மதிப்பீட்டிலேயே இருந்தாக வேண்டும். வேர் பிடித்த புல்லுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஊருணி வெட்டி மழையைச் சேர்த்து வைத்த சீமை இது. கூரைத் தண்ணீரை முற்றத்துக்கு இறக்கிய வீடுகளைப் பார்க்க உலகமே வருகிறது. மைதானத்துப் பார்வையாளர் கூரையின் தண்ணீர் மட்டும் ரோட்டுச் சாக்கடைக்குப் போகிறது.

தூண்களுக்கு ஜிஐ பைப் போதும். நிலத்தில் குழாய் உறை பதித்து அதில் சொருகி எடுக்கிற மாதிரி வைத்தால், மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு இடைஞ்சல் இருக்காது. தூணைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஃபோம் கட்டி ரெக்ஸின் உறை போட வேண்டும். இதை விட்டுவிட்டால் தூணிலேயே மண்டை உடையும்.

எல்லாம் ஒரே ஆண்டில் முடியாது என்றால் வரிசையாவது இப்படி இருக்கட்டும். முதலில் சிமெண்ட் போக வேண்டும். அதற்கு நிதியாண்டு பார்க்கத் தேவையில்லை. போட்ட வேகத்தில் எடுத்துவிடலாம். அடுத்து, டேக்கிள் பழக மட்டும் ஒரு மூலையில் பத்து மீட்டர் சதுரத்துக்கு ஒரு சாண் ஆழம் தோண்டி நார்க்கழிவு நிரப்பித் தாருங்கள். சிங்கம்புணரியில் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. ஆனால் நார்க்கழிவில் ஓடவும் உதைக்கவும் முடியாது, கால் புதையும். அதைக் காட்டி ‘மெத்தைதான் போட்டாயிற்றே’ என்று புல்லைக் கைவிட்டுவிடக் கூடாது. மூன்றாவதாகப் புல்.

கழிப்பறை, உடை மாற்றும் அறை, மாலை விளக்கு, பள்ளத்தூர், கண்டனூர்ப் பக்கம் போகும் பெண்களுக்குக் கடைசி பஸ் ஆகியவை பற்றித் தனியாக எழுதுகிறோம். ஒரே மடலில் எல்லாவற்றையும் கேட்டால் எதுவும் கிடைக்காது என்பது அனுபவம்.

ஆகவே மீண்டும் பணிவோடு: சிமெண்ட் பிட்ச்சை ஓரத்துக்கு மாற்றி, நடுவே அருகம்புல் போட உத்தரவிடுங்கள். ஆடியில் மண்வேலை தொடங்கினால்தான் ஆவணியில் புல் ஊன்ற முடியும். தவறினால் ஒரு வருடம் போகும். தாங்கள் கேட்ட சாதனைப் பட்டியலோடு அளவுகள் குறித்த வரைபடத்தையும் இணைத்திருக்கிறோம். பார்வையிட வரும் நாளை முந்தின நாள் சொன்னால் போதும். மாலை நாலரைக்கு வந்தால் பயிற்சி நடப்பதையே பார்க்கலாம். பூட்ஸ் அளவு சொன்னால் ஒரு ஜோடி எடுத்து வைக்கிறோம். மையப் புள்ளியில் நின்று ஒரு டிராப் கிக் தாங்களே உதைத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு வட்டார ரக்பிப் பயிற்றுநர்கள்